ஓராண்டுக்கு ஒரு தலைவர்: ஜேசீஸ் வரலாறும் நம் தோட்டத்துச் சங்கங்களும்
(வாசகர் கேள்வி பதில்)

சேவையினூடாக இளைஞருக்குத் தலைமையைப் பழக்கும், ஜூனியர் சேம்பர் எனப்படும் ஜேசீஸ் இயக்கம் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. சிலர் வரலாற்றைக் கேட்டிருந்தார்கள். பெரும்பாலானோர் கேட்டது வேறு: எங்கள் சங்கம் ஏன் இரண்டு வருடத்தில் படுத்துவிடுகிறது? இரண்டுக்கும் தொடர்பு இருப்பதால் இங்கே சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: ஜேசீஸ் எப்போது, யாரால் தொடங்கப்பட்டது? வியாபாரிகள் சங்கமா, சமூக சேவைச் சங்கமா? (வாசகர், பண்டாரவளை)

1915 ஒக்டோபர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியது. முன்னின்றவர் ஹென்றி கீசன்பியர். அப்போது அவருக்கு 23 வயது. ஐந்து வருடம் முன்பே, 1910இல், அவரும் நண்பர்களும் ஹெர்குலேனியம் என்ற பெயரில் ஒரு நடனக் கழகம் நடத்தி வந்தார்கள். கூடி ஆடுவதோடு நின்றுவிடாமல் நகரத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்று அவர்களைத் தூண்டியவர் கர்னல் மோர்கன் என்ற ஊர்ப் பெரியவர். 30க்கும் சற்று அதிகமான வாலிபர்கள் ஒன்றுகூடி 'இளைஞர் முற்போக்குக் குடிமைச் சங்கம்' என்ற பெயரில் அமைப்பைத் தொடங்கினார்கள். ஐந்து மாதத்துக்குள் உறுப்பினர் தொகை 750ஐத் தொட்டது.

இந்த வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. நகரத்தின் சபைகளிலும் வர்த்தகக் கழகங்களிலும் முன்வரிசை முழுக்க மூத்தவர்களுக்கே. இருபத்தைந்து வயதுக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டலாம், பேச முடியாது. தீர்மானம் எடுக்க, பணம் கையாள, கூட்டம் நடத்தப் பழக அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைத்தான் இந்தச் சங்கம் கொடுத்தது. 1916இல் பெயர் 'ஜூனியர் சிட்டிசன்ஸ்' என்றாயிற்று. அதன் முதலெழுத்துகளான ஜே.சி. தான் ஜேசீஸ் ஆனது. 1918இல் நகர வர்த்தகக் கழகத்துடன் இணைந்து ஜூனியர் சேம்பர் ஒஃப் கொமர்ஸ் (இளையோர் வர்த்தகக் கழகம்) ஆயிற்று. 1920இல் பல நகரங்களின் சங்கங்கள் செயின்ட் லூயிஸில் கூடித் தேசிய அமைப்பை உருவாக்கின. முதல் தலைவர் கீசன்பியர். 1935இல், 43 வயதிலேயே, அவர் காலமானார்.

ஆகவே பெயரில் வர்த்தகம் இருந்தாலும் அது வியாபாரிகள் சங்கம் இல்லை. வெறும் தொண்டர் படை என்றும் சொல்ல முடியாது. சேவை செய்வதினூடாகத் தலைமையைப் பழகும் இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவ முகாம் நடந்தால், எத்தனை பேர் மருந்து பெற்றார்கள் என்பதோடு, அதை நடத்திய 22 வயதுப் பிள்ளை என்ன கற்றது என்பதையும் அங்கே கணக்கில் எடுப்பார்கள்.

கேள்வி: அமெரிக்காவை விட்டு வெளியே எப்படிப் பரவியது? (வாசகர், கண்டி)

1944 டிசம்பர் 11ஆம் திகதி மெக்சிகோ நகரில் நடந்த மாநாட்டில் சர்வதேச அமைப்பு பிறந்தது. அமெரிக்காவோடு மெக்சிகோ, கொஸ்டாரிக்கா, எல் சல்வடோர், குவாத்தமாலா, ஹொண்டுராஸ், நிக்கராகுவா, பனாமா ஆகிய நாடுகள் சேர்ந்திருந்தன. முதல் சர்வதேசத் தலைவர் மெக்சிகோவைச் சேர்ந்த ராவுல் கார்சியா விடால். 1946இல் பனாமாவில் முதல் உலக மாநாடு நடந்தது. கூட்டம் தொடங்கும்போது உறுப்பினர்கள் எழுந்து நின்று சொல்லும் உறுதிமொழியை வில்லியம் பிரவுன்ஃபீல்ட் எழுதியதும் 1946இல்தான். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இலங்கையிலும் தேசிய அமைப்பும் ஊர்க் கிளைகளும் உண்டு. உறுப்பினர் வயது 18 முதல் 40 வரை.

கேள்வி: பெண்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இடமிருந்ததா? எங்கள் தோட்டத்துக் கழகத்தில் பெண்களின் பெயர் பட்டியலில் இருக்கிறது; கூட்டத்தில் தேநீர் கொடுப்பதுதான் வேலை. (வாசகி, தலவாக்கலை)

ஆரம்பத்தில் இல்லை. அமெரிக்க ஜேசீஸின் யாப்புப்படி 18 முதல் 35 வயது வரையான ஆண்கள் மட்டுமே முழு உறுப்பினர். பெண்கள் இணை உறுப்பினராகலாம். சந்தா கட்டலாம், வேலை செய்யலாம். வாக்களிக்க முடியாது, பதவிக்கு வர முடியாது, விருதும் கிடையாது. 1974இல் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் கிளையும், 1975இல் செயின்ட் போல் கிளையும் யாப்பை மீறிப் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்தன. தேசியத் தலைமை அந்தக் கிளைகளின் உறுப்பினர்களுக்குப் பதவியும் விருதும் மறுத்தது. 1978இல் கிளைகளின் அங்கீகாரத்தையே பறிக்கப் போவதாக அறிவித்தது. கிளைகள் மாநில மனித உரிமைத் திணைக்களத்திடம் முறையிட்டன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1984 ஜூலை 3ஆம் திகதி தீர்ப்பு வந்தது: பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துவது செல்லும். தீர்ப்பில் பங்கெடுத்த ஏழு நீதிபதிகளில் ஒருவர்கூட மறுத்து எழுதவில்லை. அடுத்த மாதமே ஜேசீஸ் தன் யாப்பைத் திருத்திக்கொண்டது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெண்கள் ஏற்கனவே எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார்கள், எல்லா வேலையிலும் பங்கெடுக்கிறார்கள். அப்படியிருக்க வாக்கு கொடுத்தால் சங்கத்தின் குணமே கெட்டுவிடும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. உங்கள் கழகத்திலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

நடைமுறைக்கு மூன்று விஷயங்கள் சொல்கிறோம். முதலாவது கூட்ட நேரம். மாலை ஆறரை என்று வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள். கொழுந்து நிறுத்து, லயத்துக்கு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்புப் பற்றவைக்கும் நேரம் அது. ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 3:30 வரை என்று வைத்துப் பாருங்கள். இரண்டாவது, 'மகளிர் பிரிவு' என்று தனியாக ஒதுக்காதீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று யாப்பிலேயே எழுதுங்கள். மூன்றாவது, வங்கியில் கையெழுத்திடும் அதிகாரம். அது யாரிடம் இருக்கிறதோ அவரைக் கேட்காமல் கழகம் எதுவும் செய்ய முடியாது. தேநீர் ஊற்றும் முறையைப் பெயர் வரிசைப்படி எல்லோருக்கும் போடுங்கள். அதற்குப் பெரிய விவாதம் தேவையில்லை.

கேள்வி: லியோ, ரோட்டரக்ட், இன்டரக்ட், ஜேசீஸ் எல்லாம் ஒன்றா? (மாணவர், மாத்தளை)

இல்லை. லியோ கழகம் லயன்ஸ் அமைப்பின் பிள்ளை. 1957இல் பென்சில்வேனியாவின் அபிங்டன் பாடசாலையில் தொடங்கி, 1967இல் லயன்ஸின் அதிகாரபூர்வத் திட்டமானது. இன்டரக்ட் 1962இல் ஃபுளோரிடாவிலும், ரோட்டரக்ட் 1968இல் வட கரோலினாவிலும் தொடங்கின. இரண்டும் ரோட்டரியைச் சேர்ந்தவை. பாடசாலை வயதுக்காரருக்கு இன்டரக்டும் லியோவும் பொருந்தும். 18க்கு மேல் ரோட்டரக்ட். அதற்கிருந்த 30 வயது உச்சவரம்பை 2020இல் எடுத்துவிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு மூத்தோர் கழகம் உண்டு. ஜேசீஸுக்கு அப்படி ஒரு தாய்க்கழகம் கிடையாது. தன் பணத்தையும் தவறையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஜேசீஸில் தலைவர் ஒரே வருடம்தான் இருக்கலாமாம். நன்றாக வேலை செய்பவரை எதற்கு மாற்ற வேண்டும்? எங்கள் தலைவர் எட்டு வருடமாக இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. (வாசகர், மஸ்கெலியா)

உங்கள் கடைசி வரியே பதில். அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்றால், எட்டு வருடத்தில் இன்னொருவர் உருவாகவில்லை என்று அர்த்தம். அவர் நல்லவராக இருப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. அவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகும் நாளில்தான் தெரியும். மலையகத்தில் அந்த நாள் எப்படியும் வரும். உயர்தரம் முடித்த பிள்ளைகளில் பலர் ஊரில் தங்குவதில்லை.

ஜேசீஸின் இரண்டு விதிகள் ஒன்றையொன்று தாங்குகின்றன. 40 வயதில் வெளியேற வேண்டும். பதவி ஒரு வருடம்தான். ஜனவரியில் ஏற்று டிசம்பரில் இறங்க வேண்டும். பதவி முடிந்தவரை வெளியே அனுப்பிவிடுவதில்லை. அடுத்த வருடச் செயற்குழுவில் உடனடி முன்னாள் தலைவர் என்ற இடம் உண்டு. ஆலோசனை சொல்வார், கூட்டத்துக்குத் தலைமை தாங்க மாட்டார். புதியவருக்குப் பக்கத்தில் அனுபவம் இருக்கும், தலைக்கு மேல் அதிகாரம் இருக்காது. இந்த இயக்கம் கண்டுபிடித்தவற்றில் மிகச் சிறந்தது இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

ஒரு வருடம் போதாது என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தேர்தலைக் கடைசி நாளில் வைத்தால்தான் போதாது. செப்டெம்பரிலோ ஒக்டோபரிலோ அடுத்த தலைவரைத் தெரிவு செய்துவிடுங்கள். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் அவர் தலைவருடன் பிரதேச செயலகத்துக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் போய் முகம் பழக வேண்டும். இளைஞர் சேவை அதிகாரி, கிராம உத்தியோகத்தர், தோட்ட முகாமையாளர், கோயில் பரிபாலனத் தலைவர் எல்லோரிடமும் "அடுத்த வருடம் இவர்தான்" என்று நேரில் சொல்லிவைக்க வேண்டும். ஜனவரியில் புதியவர் முதல் தடவையாகப் போய் நின்றால், "பழைய தலைவரைக் கூட்டி வாங்க தம்பி" என்றுதான் பதில் வரும். பழையவர் திரும்பி வருவதற்கான வழி அங்கேதான் திறக்கிறது.

ஒப்படைக்கும் நாளில் கை குலுக்குவதோடு நிறுத்தாதீர்கள். கூட்ட அறிக்கைப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, வங்கிப் புத்தகம், பயன்படுத்தாத காசோலைகள், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், இறப்பர் முத்திரை, பொருட்களின் பட்டியல், வந்த கடிதம், போன கடிதம், சமூக ஊடகப் பக்கத்தின் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். இறப்பர் முத்திரையையும் கடவுச்சொல்லையும் மறப்பவர்கள் அதிகம். முத்திரை பழையவர் வீட்டில் கிடந்தால் கழகமும் அங்கேதான் கிடக்கும். வங்கியில் கையெழுத்து மாற்ற, புதிய நிர்வாகம் தெரிவான கூட்டத்தின் அறிக்கைப் பிரதி கேட்பார்கள். அந்த அறிக்கையில் பழைய பொருளாளரின் பெயரை நீக்கும் தீர்மானமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மூன்று தடவை இளைஞர் சங்கம் தொடங்கி மூன்று தடவையும் நின்றுவிட்டது. எப்படித் தொடங்குவது சரி? (வாசகர், பொகவந்தலாவை)

பெரும்பாலும் தொடக்க விழாதான் சங்கத்தின் கடைசி வேலையாகவும் ஆகிவிடுகிறது. ஒலிபெருக்கி, மாலை, பிரமுகர் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 பேர் போதும். ஆனால் ஒரே லயத்து ஆட்களாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். தோட்டத்தில் உள்ள எல்லாத் தொழிற்சங்கக் குடும்பங்களிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். ஒரு தொழிற்சங்கத்தின் இளைஞர் அணி என்ற பெயர் விழுந்துவிட்டால், மற்ற வீட்டுப் பிள்ளைகள் அன்றோடு வர மாட்டார்கள். தொழிற்சங்கப் பதவியில் இருப்பவர் கழகப் பதவிக்கு வரக் கூடாது என்று யாப்பில் ஒரு வரி போடுங்கள்.

யாப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், நோக்கம், வயதெல்லை, சந்தா, நிர்வாகிகள், ஓராண்டுப் பதவி, கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆள், பணம் எடுக்கும் முறை, கழகம் கலைந்தால் பொருட்கள் யாருக்கு என்பவை போதும். அந்தக் கடைசி விஷயத்தைப் பலர் எழுதுவதில்லை. பிறகு கரம்போர்டுக்கும் நாற்காலிக்கும் சண்டை வருகிறது. குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை மூன்றில் ஒன்று என்று வையுங்கள். பாதி என்று வைத்தால், கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் ஒரு கூட்டமும் சட்டப்படி நடக்காது.

பணத்துக்கு, மூன்று பேர் பெயரில் கணக்கு. எந்த இருவர் கையெழுத்திட்டாலும் எடுக்கலாம். மூவரில் இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பற்றுச்சீட்டு இல்லாமல் ஐந்து ரூபாவும் வாங்காதீர்கள். வந்த பணத்தை அப்படியே செலவழிக்காமல் முதலில் வங்கியில் போட்டுவிட்டு எடுங்கள். வரவு ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமும் தானாகவே தெளிவாகும். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் பொருளாளர் மீதியை வாசிக்க வேண்டும். பணத்தைத் திருடியதால் நின்ற சங்கங்களைவிட, திருடியதாகச் சந்தேகம் வந்து நின்ற சங்கங்களே அதிகம்.

இனி வேலை. முதல் வேலை ஆறு வாரத்துக்குள் முடிகிறதாக, எல்லோர் கண்ணிலும் படுகிறதாக இருக்க வேண்டும். எங்கும் தேவைப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பாடசாலைக்கு ஏறும் வழுக்குப் பாதையில் 40 படிகள். ஒரு படி 3 அடி அகலம், 1 அடி மிதிப்பு, அரை அடி உயரம் என்றால் ஒன்றரைக் கன அடி. 40 படிக்கு 60 கன அடி கொங்கிரீட். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல், ஆறு பங்கு சல்லி என்ற கலவையில் 50 கிலோ சீமெந்து 8 மூட்டை. சிந்துவது, இறுகுவது எல்லாம் சேர்த்து 9 வாங்குங்கள். மணல் சுமார் 30 கன அடி, முக்கால் அங்குலச் சல்லிக்கல் சுமார் 60 கன அடி. ஒரு கியூப் 100 கன அடி என்பதால், மணல் கால் கியூபுக்குச் சற்று மேல், சல்லி அரைக் கியூபுக்குச் சற்று மேல். விலையை இரண்டு கடையில் எழுத்தில் வாங்கி அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டுங்கள்.

கணக்கு இதோடு முடிவதில்லை. இவ்வளவு பொருளும் நாலு டன்னுக்கு மேல் வரும். லொறி பெரிய ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஒருவர் ஒரு நடைக்கு 20 கிலோ தூக்கினால் 200 நடைக்கு மேல். 40 பேர் சிரமதானத்துக்கு வந்தால் ஆளுக்கு ஐந்தாறு நடை. 12 பேர் வந்தால் அன்றைய நாள் சுமப்பதிலேயே முடிந்து, மணல் மழையில் கரையும். சிரமதானம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே இரண்டு ஞாயிறாகப் பிரியுங்கள். முதல் ஞாயிறு மண் வெட்டிப் படிக்குத் தளம் எடுப்பதும் பொருளைச் சுமப்பதும். இரண்டாவது ஞாயிறு கொங்கிரீட். சீமெந்தை மட்டும் இரண்டாவது ஞாயிறு காலையில் கொண்டுவாருங்கள். மலைக் குளிரில் ஒரு வாரம் வெறும் தரையில் கிடந்தால் கட்டி தட்டிவிடும். ஒவ்வொரு படியும் முன்பக்கம் சிறிது சரிய வேண்டும், தண்ணீர் நிற்காமல் இருக்க. பக்கவாட்டில் ஒரு சாணுக்குக் குறையாத அகலத்தில் கான் வெட்டாமல் படி கட்டினால், அடுத்த பெருமழை அடிமண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டுவையுங்கள். யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள். பொகவந்தலாவை, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். பதுளைப் பக்கமானால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையைத் தவிருங்கள்.

மண்ணில் கை வைப்பதற்கு முன் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "துரை சரி என்றார்" என்பது அந்தத் துரை மாற்றலாகிப் போகும்வரைதான் செல்லும். கடிதத்தில் இடம், நீளம், வேலை நாள் மூன்றும் இருக்கட்டும். தேயிலைச் செடியைத் தொட மாட்டோம் என்ற வரியையும் சேருங்கள். மறுப்பு வருவது பெரும்பாலும் செடியை நினைத்துத்தான்.

கேள்வி: அரசாங்கத்தின் இளைஞர் கழகம் இருக்கும்போது தனிச் சங்கம் எதற்கு? (வாசகர், லிந்துலை)

இரண்டும் வேண்டாம் என்று சொல்லாமல் இரண்டையும் பயன்படுத்துங்கள். தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் இளைஞர் கழகங்களில் 13 முதல் 29 வயது வரை சேரலாம். ஊர்க் கழகத்துக்கு மேலே பிரதேச, மாவட்ட, தேசிய சம்மேளனங்கள் உண்டு. பயிற்சி, விளையாட்டுப் போட்டி, முகாம் எல்லாம் அந்த வழியில் வரும். அதன் பலவீனமும் அதுவே: மேலிருந்து போட்டி அறிவித்தால் கழகம் விழிக்கிறது, போட்டி முடிந்ததும் தூங்குகிறது. மாதக் கூட்டத்தை நீங்களாகவே விடாமல் நடத்தினால் இந்த நோய் வராது. அரச கழகமாக இல்லாமல் தனியாக இயங்குவதானால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் சத்தம் போடுபவர் சொல்வதுதான் தீர்மானம். (வாசகி, பதுளை)

ஜேசீஸ் தன் உறுப்பினருக்குப் பழக்கும் முக்கிய பாடங்களில் ஒன்று கூட்ட நடைமுறை. அதன் சாரம் இது. ஒருவர் பிரேரணையை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும்; வழிமொழிய ஆளில்லாவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. செயலாளர் அதை எழுதி, உரக்க வாசித்துக் காட்டிய பிறகே விவாதம். ஒருவருக்கு இரண்டு நிமிடம்; எல்லோரும் ஒரு தடவை பேசி முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாவது வாய்ப்பில்லை. திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகு திருத்திய பிரேரணைக்கு. தலைவர் பக்கம் சாயக் கூடாது. பேச ஆசைப்பட்டால் தலைமையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் பேச வேண்டும். விஷயங்களுக்குக் கை உயர்த்தலாம். ஆட்களைத் தெரிவு செய்வதானால் துண்டுச் சீட்டில் எழுதி வாக்களியுங்கள். மாமன் பிள்ளைக்கு எதிராக யாரும் கை தூக்க மாட்டார்கள்.

சத்தம் போடுபவர் பெரும்பாலும் எழுதப்படாத பிரேரணையில்தான் ஜெயிக்கிறார். எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். பாதிச் சத்தம் அங்கேயே அடங்கும்.

கேள்வி: இத்தகைய நகரத்து அமைப்புகள் தோட்ட இளைஞரை ஏன் நெடுங்காலம் எட்டவே இல்லை? நமக்கென்று இப்படி ஒரு வரலாறு இல்லையா? (வாசகர், ஹப்புத்தளை)

குடிமைத் தலைமை பழகும் சங்கத்துக்கு முதலில் குடியுரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பல இளைஞர்கள், அடுத்த வருடம் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாமலே வளர்ந்தார்கள். எஞ்சிய பிரச்சினையை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் தீர்த்தது. இதற்கிடையில் ஜேசீஸ் போன்ற அமைப்புகள் நகரத்தில், வர்த்தகரும் உத்தியோகத்தரும் கூடும் மண்டபங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. பஸ் இல்லாத நேரத்தில் கூட்டம், மாதச் சம்பளக்காரரை நினைத்துப் போட்ட சந்தா. நாள் சம்பளத்தில் வாழ்பவருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. உள்ளூராட்சியிலும் இதே நிலை. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிட இருந்த சட்டத் தடை 2018இல் செய்த திருத்தத்தின் பிறகே நீங்கியது.

வரலாறு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தமிழ் இளைஞர் குடிமை அமைப்பு என்று தேடினால் 1924இல் யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகம் முன்னின்று தொடங்கிய மாணவர் காங்கிரஸ் வரும். 1927இல் காந்தியை இலங்கைக்கு அழைத்தவர்களில் அவர்களும் அடங்குவர். மலையகத்தில் 1960களில், ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் பணியாற்றிய இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களைச் சுற்றிப் படித்த வாலிபர்கள் திரண்டார்கள். கல்வி, குடியுரிமை, மலையகம் என்ற அடையாளம் எல்லாம் அந்தத் தலைமுறையின் மேடைகளில் பேசப்பட்டன. கீசன்பியரின் சங்கத்துக்குக் கிடைத்த நகர மண்டபமும் வாக்குரிமையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை மனதில் வைத்தே அவர்கள் செய்ததை எடைபோட வேண்டும்.

கேள்வி: பிரதேச சபை எங்கள் தோட்டப் பாதைக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று கழகம் கேட்கலாமா? (வாசகர், பசறை)

கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. சபையின் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. "பாதை ஏன் போடவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, சட்டம் தருவது ஆவணத்தை. பாதையின் பெயர், ஆண்டு, ஒதுக்கீட்டுத் தொகை, கேள்விப்பத்திரம், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த வவுச்சர் என்று ஒவ்வொன்றாகப் பிரதி கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நாள் எண்ணுவது அதிலிருந்துதான்.

கேள்வி: எங்கள் அப்பா காலத்து வாலிபர் சங்கத்தின் அறிக்கைப் புத்தகங்கள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. பூஞ்சணம் பிடித்திருக்கிறது. என்ன செய்வது? (வாசகி, டிக்கோயா)

தயவுசெய்து எரிக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். வெயிலில் மை மங்கும், தாள் நொறுங்கும். காற்றோட்டமுள்ள அறையில், நிழலில், புத்தகத்தை விரித்து நிறுத்திவையுங்கள். மழை நாளில் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத் துணி கூடாது. ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முயலாதீர்கள்.

அடுத்து கைப்பேசியால் படம் எடுங்கள். ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், ஒரு படத்துக்கு ஒரு பக்கம். வெற்றுப் பக்கத்தையும் விடாமல். கோப்புக்குச் சங்கத்தின் பெயர், ஆண்டு, பக்க எண் என்று பெயரிடுங்கள். இரண்டு வெவ்வேறு வீட்டில் பிரதி இருக்கட்டும். இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி இணையத்தில் காக்கும் நூலக நிறுவனத்தை அணுகலாம். அதற்கு முன், அறிக்கைகளில் பெயர் வரும் குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய சங்கங்களில் கடன் கணக்கும் ஒழுக்க விசாரணையும் பெயரோடு எழுதியிருப்பார்கள். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். கிழிசலை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் மடித்து, எந்தப் பக்கத்துக்குரியது என்று பென்சிலால் எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள்.